இரண்டாவது ஆள்

செய்தி எழுதுகிறவனை நான் நம்புவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்று ஒரு வருஷம் பேப்பரில் போட்டான். நம்பி விதைநெல்லை ஊறப்போட்டேன். வாய்க்கால் பதினாறு நாள் காய்ந்து கிடந்தது. முளைவிட்ட நெல் சாக்கிலேயே அழுகிப்போயிற்று.

என் மகள் மதிவதனி அதே தொழிலுக்குத்தான் போனாள். அதிலும் பாஸ்கெட்பால் பற்றி மட்டும் எழுதுகிறவள். பள்ளிக்கூடத்தில் ஆடினாள், உயரம் பத்தவில்லை, எழுதப் போய்விட்டாள். பத்து வருஷமாகச் சென்னையில் அந்தப் பிழைப்பு. பந்தைக் கூடையில் போடுகிறவனுக்குச் சம்பளம், சரி. போட்டான் என்று சொல்கிறவளுக்குமா?

ஆனி மாதம் லீவில் வந்திருந்தாள். ஒரு நாள் காலை அவளுடைய பத்திரிகை ஆசிரியர் நவநீத் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"இந்தியா டீம் ஸ்ரீரஞ்சனி இனிமே ஆட மாட்டாளாம். முழங்கால் போச்சாம். மத்தவன் போடுறதுக்குள்ள போடு."

"பிசியோ ஒருத்தர்தான் சொல்றார் சார். ரெண்டாவது ஆள் சொல்லட்டும்."

"பத்து மணிக்குள்ள வரலேன்னா, உன் வேலை நிரந்தரமாகும்ங்கிறத மறந்துரு."

அந்தப் பெண்ணுக்கே போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஒன்பதரை வரைக்கும் அடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எழுதித் தொலையேன்டி. பொய்யா இருந்தா அப்புறம் மாத்திக்க."

"மேட்டூர் திறந்தாச்சுன்னு டிவில கத்துறானே, விதை ஊறப்போட்டீங்களாப்பா?"

"வாய்க்கால்ல வந்து என் கால் நனையட்டும்."

"எனக்கும் கால் நனையணும்."

என் வீட்டுக்காரி ராமாயி உள்ளேயிருந்து கத்தினாள். "அப்பனும் மகளும் யாரையும் நம்பாதீங்க. நான் போட்ட காபியவாவது நம்பிக் குடிங்க!"

பத்தேகாலுக்கு வேறொருவன் செய்தியைப் போட்டுவிட்டான். நவநீத் திட்டவில்லை. 'விடு' என்று ஒரு சொல் அனுப்பினான். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஸ்ரீரஞ்சனியே கூப்பிட்டாள். செய்தி நிஜம்தான்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"நான் சொல்றதுக்குள்ள அம்மா போன்ல படிச்சுட்டாங்கக்கா," என்று அந்தப் பெண் அழுதது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

அவள் அழுது முடிக்கிற வரைக்கும் இவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அப்புறம்தான் எழுதினாள். நிரந்தரம் போயிற்று.

"வருத்தமா?" என்றேன்.

"ஆமாம்ப்பா."

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் சென்னை திரும்பின நாலாம் நாள் காலை, வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. இறங்கி நின்றேன். கணுக்கால் முழுகிற்று. அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டேன்.

"தண்ணி வந்திருச்சு. உள்ளதான் நிக்கிறேன்."

"ஒரு ஆள்தானே சொல்றீங்க. ரெண்டாவது ஆள் யாரு?" என்று சிரித்தாள். அந்த 'விடு'க்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

சோற்றுத் தூக்கோடு வரப்பில் ராமாயி வந்துகொண்டிருந்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு இறங்குடி. சாட்சி சொல்லணும்."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு விதை ஊறப்போட வீட்டுக்கு நடந்தேன்.