மலையேறிய ரொட்டி வண்டி

மழைக்காலத்தில் மலைக்கு யாரும் போவதில்லை, அதனால் அங்கே அறை வாடகை பாதிக்குப் பாதிதான் என்று மகள் போனைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ரொட்டிக்காரர் "சரி, போகலாம்" என்றார். அதுவரை அந்த மனிதர் வாயிலிருந்து வந்ததெல்லாம் "பார்க்கலாம்" ஒன்றுதான். நகை கேட்டதில்லை, நட்டு கேட்டதில்லை, கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி கேட்டது அந்த ஒரு பயணம்தான். அந்த ஒன்றுக்கும் "பார்க்கலாம்" சொல்லிச் சொல்லியே மகளை வேலைக்குப் போகும் வயதுக்கு வளர்த்துவிட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. பேக்கரியிலிருந்து விடிவதற்கு முன்பே ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்புவார். வழியெல்லாம் கடை கடையாக இறக்கிக்கொண்டே போய், கடைசித் தட்டை மலையடிவாரத்தில் சோதனைச் சாவடியை ஒட்டிய டீக்கடையில் கொடுப்பார். அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். தினமும் மலையின் காலைத் தொட்டுவிட்டு வருகிற மனிதர் ஒருநாளும் மேலே ஏறியதில்லை. ரொட்டி இல்லாமல் ஏறினால் டீசலுக்கு யார் அழுவது?

அன்று மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள்.

"ரெண்டு ராத்திரி அறை. சலுகையில சுடுதண்ணியும் சேர்த்தி," என்றாள் மகள்.

"சாப்பாடு? அதுதான் கையைக் கடிக்கும்," என்றார் அவர்.

"பேக்கரியில ரொட்டி ஓரம் சும்மாதானே குடுக்கிறாங்க, அது ஒரு பை. முட்டை வாங்கிக்கலாம். சின்ன அடுப்பை எடுத்துக்கலாம்."

"மலைக்குப் போயும் என்னை அடுப்புகிட்டதான் உக்கார வைப்பீங்களா?" என்றாள் அம்மா.

"அங்க குளிரும்மா. அடுப்புகிட்ட இருக்கிறவங்கதான் ராணி."

"அப்ப ராணிப் பட்டத்தை நீயே வச்சுக்க. நீயும் வா."

"எனக்கு ஏது லீவு? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி."

"வாயைப் பாரு இதுக்கு," என்று அம்மா அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் முகம் சிவந்துதான் போயிற்று.

அம்மா கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். மறுநாளே முதலாளியிடம் கேட்டு, வெட்டி மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். வண்டியின் பின்பக்கம் ரொட்டித் தட்டு அடுக்கும் இடத்தை முழம் போட்டு அளந்தாள். பச்சையும் பழுப்புமாக ரெக்சின் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு மெத்தை தைத்தாள். வழியில் கால் நீட்டலாம், முடியாவிட்டால் ஒரு ராத்திரி வண்டியிலேயே படுத்தும் விடலாம். அவள் கையால் தைத்ததில் யாருக்கும் விற்காத முதல் சாமான் அதுதான்.

அவர் தன் பங்குக்கு வண்டியைத் தயார் செய்ய ஆரம்பித்தார். மழையில் மலை ஏறுவது விளையாட்டா என்ன? முதலில் வைப்பர் ரப்பர். கண்ணாடியைத் துடைக்கவே மாட்டேன் என்கிறது, எதிரே எல்லாம் கலங்கலாக இருக்கிறது என்று சொல்லிப் புது ரப்பர் போட்டார். ஒரு வாரம் கழித்து அதுவும் சரியில்லை, மட்டமான சரக்கு என்று வேறொன்று மாற்றினார். பிறகு வைப்பர் மோட்டார். அதன் பிறகு ஹெட்லைட். வெளிச்சம் முன்னால் விழாமல் சிதறுகிறதாம். இதற்கிடையில் ஒரு விடியற்காலை கடை வாசலில் கிடந்த பெஞ்சில் இடித்துப் பலகையை உடைத்தார். "பல்பு சரியா இருந்தா இடிப்பேனா?" என்று கடைக்காரரிடமே சண்டைக்குப் போனார்.

அவளும் தன் பங்குக்கு வண்டியைத்தான் திட்டினாள். மகளும் திட்டினாள். வீடே அந்த வண்டியைத் திட்டியது. ஒவ்வொரு பழுதுக்கும் பயணத்துக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அறை இரண்டு ராத்திரியிலிருந்து ஒரு ராத்திரியாயிற்று. பிறகு அந்த ஒரு ராத்திரியும் மெத்தைக்கு மாறிற்று.

"பரவாயில்லப்பா, இன்னும் கொஞ்ச நாள் போனா மலையே நம்ம தெருவுக்கு வந்துடும்," என்றாள் மகள்.

அவர் சிரித்தார். மறுநாள் முன்கண்ணாடிக்கு மெருகு போட வேண்டும் என்றார்.

மனைவியின் தம்பி மெக்கானிக். மாமாவுக்கு எல்லா வேலையையும் அவன்தான் செய்து கொடுத்தான். கண்ணாடி மெருகு போட்டு முடித்த அன்று நல்ல மழை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, வைப்பரை ஓடவிட்டுவிட்டு, அவன் முன்பக்கம் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் சீட்டின் உறை கிழிந்திருந்தது. அதையும் தைத்துவிடலாமே என்று அவள் அளவு நாடாவோடு ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அளவெடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். எதிரே தெரு தெரிந்தது.

தெரு என்றால், கழுவித் துடைத்து வைத்த தட்டு மாதிரி. எதிர்வீட்டுக் கொடியில் எடுக்க மறந்த துணி தெரிந்தது. குழாயடியில் யாரோ கவிழ்த்து வைத்த வாளியும் அதன் கைப்பிடியில் சுற்றிய கயிறும் தெரிந்தன. வைப்பர் ஒருதரம் போய்வந்தால் கண்ணாடியில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை.

அவள் கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டாமலே கேட்டாள்.

"இது என்னைக்கு மாத்தின ரப்பர்டா?"

தம்பி நிமிராமலே சொன்னான். "முதல்ல மாத்தினதுதான்க்கா. நல்ல ரப்பர்னு சொன்னா மாமா காதுலயே வாங்கல. ரெண்டாவது வாங்கினதை மாட்டிட்டு, அவர் திட்டினதும் பழசையே திருப்பிப் போட்டேன். அதுக்கும் இதுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியல."

"மோட்டார்?"

"மோட்டார்லயும் ஒண்ணுமில்ல." அவன் அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "எனக்கும் சந்தேகம்தான்க்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவன் சொல்லத் தயங்கியது எதை என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ரொட்டிக்காரரின் அண்ணன் லாரி ஓட்டியவர். நல்ல திடமான வயதில் முதலில் இருட்டில் பார்வை போயிற்று. பிறகு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்து, இப்போது மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் இது ரத்தத்தில் வருவது, மருந்து இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அப்போதெல்லாம் ரொட்டிக்காரர் சொல்லுவார்: "அவன் பாதி வயசு வரைக்கும் டிவி மூஞ்சியிலயே ஒட்டிக்கிட்டு இருந்தான், அதான் கெடுத்துக்கிட்டான். நான் டிவியே பாக்கிறதில்லையே."

அவர் வாசற்படியைக் காலால் துழாவி இறங்குவது, தண்ணீர்ச் செம்பைக் கையால் தேடி எடுப்பது, எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முன் வந்து நின்றன. தூக்கக் கலக்கம் என்று நினைத்தவைதான் எல்லாம். புருஷன் கண்ணைப் பார்க்காமல் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று இந்த முறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வந்து மெருகைப் பார்க்க வண்டியில் ஏறினார். அவளும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மழை விடவில்லை. வைப்பரைப் போட்டார். கொஞ்ச நேரம் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பாரு, காசை வாங்கிட்டு என்ன லட்சணத்துல பண்ணியிருக்கான் உன் தம்பி. எங்க துடைக்குது?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"நீயே சொல்லு. துடைக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னொரு ரப்பர், இன்னொரு பல்பு. மலையும் தள்ளிப்போகும், அவரும் விடியற்காலை வண்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஓடும் தெருவழியே திரும்பி வருவார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"துடைக்குதுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எதிர்வீட்டுக்காரி துணியை மழையிலயே விட்டுட்டுப் போயிட்டா. ரெண்டு சட்டை, ஒரு பாவாடை தொங்குது. பாவாடை நாடா தரையில இழுபடுது."

அவர் கண்ணாடியோடு கண்ணாடியாகக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சட்டை என்ன கலரு?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணு நீலம். ஒண்ணு கோடு போட்டது."

அவர் வைப்பரை நிறுத்தினார். மழை கண்ணாடி முழுக்க வழிந்தது. அண்ணன் பெயரை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை," என்றார் கடைசியில். "பகல்லயே கிளம்பலாம். மெதுவாப் போறேன். உன்னை மலை மேல கொண்டுபோய் இறக்கிட்டு, வந்ததும் சாவியைக் குடுத்துடறேன். சத்தியமா. உனக்குன்னு நான் வேற என்ன செஞ்சேன் சொல்லு?"

அப்படி ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை. அவளுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்தால் சரி என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து மடியிலேயே தன் கையைக் கோத்து வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஓட்டினா நான் ஏற மாட்டேன்."

அவர் இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் தையல் மிஷின் பலகை மேல் வண்டிச் சாவி கிடந்தது. பேக்கரிக்கு அன்றிலிருந்து தம்பி போனான்.

மகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அண்ணனுக்குச் சொன்னதையே இவருக்கும் சொன்னார்கள். வண்டியை விற்றுவிடுவது என்று ஆயிற்று. பேக்கரி முதலாளியே ஓர் ஆளைப் பார்த்துக் கொடுத்தார். மலைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒருநாள் காலை அவரே எடுத்தார்.

"மாப்ளே, வாங்கற ஆளு வண்டியை எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள ஒரு நடை மலைக்கு விடறியா? உங்க அக்கா மெத்தை தச்சு வச்சிருக்கா. வீணாப் போயிடும்."

அப்படித்தான் அந்தப் பயணம் கிளம்பிற்று. தம்பி ஓட்டினான். முன்சீட்டில் உட்காரமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டுப் பின்னால் மெத்தையில் அவளோடு உட்கார்ந்துகொண்டார் ரொட்டிக்காரர். இடையில் கதவு இல்லாத வண்டி, பேச்சு முன்னும் பின்னும் நன்றாகக் கேட்கும். ரொட்டி ஓரம், முட்டை, அடுப்பு எல்லாம் போட்ட திட்டப்படி மூலையில் இருந்தன. வெளியே சாரல்.

ஊரைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இப்ப ஒரு வேகத்தடை வரும். வர்ணம் போயிருக்கும், தெரியாது. மெதுவா விடு."

வேகத்தடை வந்தது.

"அடுத்த வளைவுல இடது பக்கம் ஒட்டாதே, பள்ளம். ம், இப்ப ரெண்டாவது கியர். பாலம் வருது."

"மாமா, நீங்க அங்க இருந்து ஓட்டறீங்களா, நான் இங்க இருந்து ஓட்டறேனா?" என்றான் தம்பி.

"நீ ஸ்டியரிங்கைப் பிடி. வண்டியை நான் ஓட்டறேன்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஒவ்வொரு கடை வரும்போதும் பெயர் சொல்லாமல் அடையாளம் சொன்னார். இந்த அம்மா காசைச் சில்லறையாகத்தான் தரும், இந்த ஆள் நேற்றைய ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்றையது என்று சாதிப்பான். ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். ஒன்றும் தவறவில்லை.

சோதனைச் சாவடி வந்தது. டீக்கடை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி டீ வாங்கிக் குடித்தார்கள். தடுப்புக் கட்டையைத் தூக்கினார்கள். வண்டி மேலே ஏறத் தொடங்கியது.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. பின்னாலிருந்து குரல் வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்குத் தெரியாது. அவர் மனதில் இருந்த சாலை அந்தத் தடுப்புக் கட்டையோடு முடிந்துபோயிருந்தது. அடுத்த வளைவில் வண்டி சாய்ந்தபோது அவர் உடம்பு முன்கூட்டித் தயாராகவில்லை. பக்கத்துக் கம்பியில் தோள் இடித்துக்கொண்டது. கையால் துழாவி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"மரமாத் தெரியுது. உசரம் உசரமா. பாறையில தண்ணி வழியுது, வெள்ளி நூல் மாதிரி."

"இந்தப் பக்கம்?"

"கீழ ஊரு. வீடெல்லாம் நம்ம வெட்டுத்துணி கொட்டி வச்ச மாதிரி இருக்கு."

"ம்," என்றார். "சொல்லு. சொல்லிக்கிட்டே வா."

அவள் சொன்னாள். அத்தனை வருஷம் பார்க்க ஆசைப்பட்ட மலையைத் தனக்கென்று ஒரு கணம் நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. பார்த்ததை உடனே வார்த்தையாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் அவருக்கு அது இல்லாமலே போய்விடும் என்று அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாதி மலை ஏறியிருப்பார்கள். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன, சொல்லு."

"ஒண்ணும் தெரியலைங்க. எல்லாம் வெள்ளையா இருக்கு."

அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "உனக்குமா?"

"எனக்கும்தான்."

தம்பி சாலையோரம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, இரண்டு பக்க விளக்கையும் மினுக்கவிட்டான். நான்கு பக்கமும் வெண்மை. மரம் இல்லை, பள்ளம் இல்லை, சாலையே இல்லை. அவர் மெல்ல நகர்ந்து வந்து அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். இந்தத் தடவை அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடுபனிதான் மாமா," என்றான் தம்பி முன்னாலிருந்து. "கொஞ்ச நேரத்துல விலகிடும்."

விலகாமல் இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று அவள் அந்த வெள்ளையைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.