மூன்று வீட்டில் ஒரு சாக்கெட் செட்

கடைக்காரர் சிரித்தது சந்திரசேகரனுக்குப் பிடிக்கவில்லை. விலையைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறவன் ஏமாற்றப் போகிறான். சொல்வதற்கு முன்பே சிரிக்கிறவன் ஏற்கெனவே ஏமாற்றிவிட்டான். இவர் இரண்டு தடவையும் சிரித்தார்.

பெங்களூரு ஜே.சி. ரோட்டுச் சந்துக்கடையின் கவுன்டர்மேல் அந்தத் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே முக்கால் இஞ்ச் சாக்கெட் செட். கார்க்காரர்கள் டிக்கியில் வைத்திருக்கும் அரை இஞ்ச் செட்டுக்கு இது பெரியண்ணன். மினி லாரி, டெம்போ, ஸ்கூல் வேன் இவற்றின் சக்கர நட்டுகள் இதற்குத்தான் மரியாதை கொடுக்கும். முழங்கை நீளத்துக்கும் மேல் நீலப் பிடி போட்ட ஒரு பார், அதன் முனையில் மாட்ட ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன், நட்டைக் கவ்வுவதற்கு இட்லிக் கிண்ணங்கள் போல வரிசையாகச் சாக்கெட்டுகள்.

"ஏன் இவ்ளோ சீப்பு?" என்றான் சந்திரசேகரன்.

"கேரேஜ்ல டெய்லி அடிக்கிறதுக்கு இல்ல சார் இது. எப்பவாவது யூஸ்க்கு."

"எப்பவாவதுன்னா எப்போ?"

"பேக்காதாக சார். வேணும்போது."

"வாரன்ட்டி?"

"லைஃப்டைம்."

"யாரோட லைஃப்டைம்? என்னுதா, உன்னுதா, இதோடதா?"

கடைக்காரர் மூன்றாவது தடவை சிரித்தார். "பார்ல பைப்ப சொருகி மேல ஏறி நிக்காதீங்க சார். அப்படி ஒடஞ்சா வாரன்ட்டி கெடையாது. மூணு வண்டின்னு சொல்றீங்களே, மூணு செட் எடுங்க, ரேட் பார்த்துப் போடறேன். லூஸாவும் கொடுப்பேன். பார் தனியா, சாக்கெட் தனியா."

மூன்று செட் வாங்கச் சொல்கிறவனிடம் ஒன்று வாங்குவதே ஆபத்து என்று தோன்றியது சந்திரசேகரனுக்கு. ஆனால் கூட வந்த இரண்டு பேரும் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார்கள்.

அந்த இரண்டு பேர் சில்வெஸ்டரும் குளோரியாவும். மூவரும் ஸ்ரீராம்புரத்தில் ஒரே தெருக்காரர்கள். சந்திரசேகரனிடம் ஒரு மினி லாரி. சில்வெஸ்டரிடம் ஒரு டெம்போ டிராவலர், வேளாங்கண்ணி சீசனில் அதைக் கையில் பிடிக்க முடியாது. குளோரியா ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். அவள் ஹாரன் அடித்தால் தெருவில் பெரியவர்களும் பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்துவிடுவார்கள். மூன்று வண்டிக்கும் பின்னால் ஜோடிச் சக்கரம். நட்டு உள்ளே போய்ப் பதுங்கியிருக்கும். பஞ்சர் கடைக்காரர்கள் ஏர் கன்னால் அதை இறுக்குவதைப் பார்த்தால், மறுபடி கழற்றவே கூடாது என்று வேண்டுதல் வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும். வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் எப்போதோ வளைந்து, சந்திரசேகரன் வீட்டு மாடியில் கொடிக்கயிறு கட்டும் வேலையில் இருந்தது. இதுவரை தெருமுனையிலிருந்த டயர் கடை ஹரிஷிடம் பெரிய பாரை இரவல் வாங்கிச் சமாளித்தார்கள். ஒருநாள் ஹரிஷ், "இனிமே டூல் வெளிய போகாது" என்று எழுதி ஒட்டிவிட்டான். கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழில் எழுதியது தனக்காகத்தான் என்று சந்திரசேகரனுக்கு உறுதி.

ஆக, கூட்டாக ஒரு செட் வாங்கியாயிற்று. இனி அது யார் வீட்டில் இருப்பது?

"எங்க வீட்லயே இருக்கட்டும்," என்றான் சில்வெஸ்டர், தெருமுனை டீக்கடையில்.

"ஏன்?"

"சும்மாதான்பா."

சும்மா என்றால் சும்மா இருக்காது. ஊர் வண்டிக்கெல்லாம் சக்கரம் கழற்றி வாடகைக்கு விடப் பார்க்கிறான். குளோரியா, "அப்ப நான் வெச்சுக்கறேன்ணா" என்றாள். அதற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். உடனே புலப்படாததுதான் இன்னும் மோசம்.

சந்திரசேகரன் டீயைக் கீழே வைத்தான். பாங்க் லாக்கருக்கு இரண்டு சாவி எதற்கு? ஒருத்தன் மட்டும் திறக்கக்கூடாது என்பதற்கு. அதே நியாயம்தான் இங்கேயும். பார் அவனிடம். சாக்கெட்டுகள் பெட்டியோடு சில்வெஸ்டரிடம். எக்ஸ்டென்ஷன் குளோரியாவிடம். யாருக்குத் தேவையோ, மூன்று பேரும் வந்து சேர வேண்டும்.

"இது சாக்கெட் செட்டா, பாகப்பிரிவினையா?" என்றான் சில்வெஸ்டர். ஆனாலும் பெட்டியை எடுத்துக்கொண்டான். மறுத்தால் மறுத்ததற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கப்படும் என்று அவனுக்குத் தெரியும்.

ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது, ஒரே ஒரு தடவை. குளோரியாவின் வேனுக்குச் சக்கரம் மாற்ற மூவரும் கூடினார்கள். ஒருத்தி கழற்றினாள், இரண்டு பேர் காவல் காத்தார்கள். முடிந்ததும் அவரவர் பாகத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு கோயில் பிரசாதம் வாங்கியவர்கள் போல் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. மாதங்கள் போயின. மழைக்காலமும் போயிற்று. பெங்களூரு ரோட்டில் இரண்டு வண்டிகள், ஒரு பஞ்சர்கூட இல்லை. சந்திரசேகரனுக்குத் தூக்கம் போயிற்று. குளோரியா ஜெபம் செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். சில்வெஸ்டர் அந்த மாதிரி ஆள் இல்லையே? ஹரிஷோடு ரகசியமாக ராசியாகிவிட்டார்களோ என்று இரண்டு நாள் டயர் கடை எதிரில் நின்று பார்த்தான். ஹரிஷ் இவனைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான்.

பார் மட்டும் சந்திரசேகரன் வீட்டு அலமாரியில், எண்ணெய்க் காகிதத்துக்குள்ளேயே இருந்தது. குளோரியா வண்டிக்குப் பிரித்த காகிதத்தையே மறுபடி சுற்றி வைத்திருந்தான். பிறகு லாரியின் சீட்டுக்கு அடியில் மாற்றினான். வீட்டில் யாரும் எடுத்துவிடக் கூடாது, அதனால்.

இப்படியிருக்கையில்தான் மமதா அவனுக்கு ஒரு லோடு கொடுத்தாள். மல்லேஸ்வரத்தில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவள். ஓசூரிலிருந்து ரோஜாவும் ஜெர்பராவும் காலையில் ஏற்றி, மத்தியானத்துக்குள் மண்டபத்தில் இறக்க வேண்டும்.

"இது ஒண்ணு நேரத்துக்கு வந்தா சீசன் பூரா உங்களுக்கே," என்றாள். "வரலேன்னா ஃபோன் பண்ணாதீங்க."

சீசன் பூரா என்றால் வண்டியின் கடன் அடையும், மகளைக் காலேஜில் சேர்க்கலாம், தானும் ஒருநாள் உட்கார்ந்து சாப்பிடலாம். எதற்காக இவ்வளவு நல்ல வேலையைத் தனக்குத் தருகிறாள் என்று யோசித்துக்கொண்டே ஓசூர் போய்ப் பூவை ஏற்றினான்.

அத்திபெலே தாண்டவில்லை, பின்சக்கரம் உஸ் என்றது. உள்பக்கத்து டயர். வண்டியை ஓரம் கட்டி இறங்கினான். கல்லெறி தூரத்தில் ஒரு பஞ்சர் கடை.

அதுதான் அவனுக்கு உறுத்தியது. பஞ்சர் ஆன இடத்துக்குப் பக்கத்திலேயே எப்படிப் பஞ்சர் கடை? டயரில் பார்த்தான். ஆணி. புது ஆணி.

கடைக்காரப் பையன் தானாகவே ஓடிவந்தான். "அண்ணா, கன் இருக்கு. அஞ்சே நிமிஷம்!"

"ஆணி எங்கே வாங்கறே?"

"ஏனு அண்ணா?"

"ஒண்ணுமில்ல. போ."

பையன் போய்விட்டான். சந்திரசேகரன் போனை எடுத்தான்.

"சில்வெஸ்டரு, அத்திபெலேல நிக்கறேன். சாக்கெட்ட எடுத்துட்டு வா. பூ லோடு, பா. வாடிச்சுன்னா நான் காலி."

"குளோரியாகிட்ட கொடுத்து அனுப்பட்டா?"

"அவகிட்டயா? எல்லாம் அவகிட்டயே போயிடுமே!"

குளோரியாவும் அதையேதான் கேட்டாள், பெயரை மட்டும் மாற்றி. அவளுக்கும் அதே பதில் கிடைத்தது. காலை ட்ரிப்பை முடித்துவிட்டு, மாலை ட்ரிப்புக்குள் திரும்பும்படி அவளே கிளம்பினாள்.

வெயில் ஏறியது. தார்ப்பாயைத் தூக்கித் தண்ணீர் தெளித்தான். மேலே இருந்த ரோஜாக்கள் தலை தொங்க ஆரம்பித்திருந்தன. பஞ்சர் கடைப் பையன் கடை வாசலில் உட்கார்ந்து, டீ குடித்தபடி, இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இடையில் வேறு ஒரு லாரி வந்து, கன் சத்தம் கேட்டு, கிளம்பியும் போயிற்று.

கடைசியில் ஒரே பஸ்ஸிலிருந்து இரண்டு பேரும் இறங்கினார்கள். இருவர் தோளிலும் கனத்த துணிப்பை. முன்சீட்டில் ஒருத்தி, பின்சீட்டில் ஒருத்தன் என்று வந்திருக்கிறார்கள்.

"பஸ்ஸா? பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ இருக்கே. இந்நேரம் வந்து திரும்பியிருக்கலாம்!"

"மெட்ரோல எனக்குத் தல சுத்தும்," என்றான் சில்வெஸ்டர்.

"எனக்கும்," என்றாள் குளோரியா, வேகமாக.

போன மாதம்தான் மெட்ரோவில் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். அதைக் கேட்க நேரமில்லை. ஜாக்கி போட்டு, கட்டை கொடுத்து, மூன்று வீட்டுச் சாமான்களையும் ஒன்றாக மாட்டினார்கள். அப்போதுதான் சந்திரசேகரன் கவனித்தான். அவனுடைய பார் புதுப்பெண்போல் மின்னியது. குளோரியாவின் எக்ஸ்டென்ஷனில் நிக்கல் பூச்சு உரிந்து, முனை தேய்ந்து வெள்ளையாக இருந்தது. சாக்கெட்டின் உள்பக்கமும் அப்படியே.

"பார் எங்கிட்ட இருக்கு. பார் இல்லாம இது எப்படித் தேஞ்சுது?"

இருவரும் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

"க்ளைமேட்டுணா," என்றாள் குளோரியா.

"முதல்ல நட்ட கழட்டு," என்றான் சில்வெஸ்டர். "பூ போவுது."

முதல் நட்டு அசையவில்லை. சந்திரசேகரன் லாரியில் கிடந்த இரும்பு பைப்பைப் பாரில் சொருகினான். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே நேரத்தில் சொன்னதாலேயே அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஏறி நின்று ஒரு குதி குதித்தான்.

டக் என்று ஒரு சத்தம். அவன் ரோட்டில் உட்கார்ந்திருந்தான். பாரின் தலை எக்ஸ்டென்ஷனிலேயே மாட்டிக்கொண்டிருக்க, மீதி அவன் கையில் இருந்தது.

 தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பூவாசம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. வாடும்போதுதான் அப்படி வரும். சந்திரசேகரன் உடைந்த துண்டைப் பார்த்துக்கொண்டே, "முடிஞ்சுது," என்றான். குரல் சின்னதாக இருந்தது. "சீசனும் முடிஞ்சுது. அவ ஃபோனே எடுக்க மாட்டா."

குளோரியா சில்வெஸ்டரைப் பார்த்தாள். சில்வெஸ்டர் குளோரியாவைப் பார்த்தான். பிறகு அவள், சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போடுகிறவள் மாதிரிக் கீழே உட்கார்ந்து, பைக்குள் கையை விட்டு இன்னொரு பாரை எடுத்தாள். அதே நீளம், அதே நீலப் பிடி. கூடவே ஒரு வரிசை சாக்கெட்டுகள் சரிந்து விழுந்தன.

"அவசரத்துல பையோட தூக்கிட்டு வந்துட்டேன்ணா," என்றாள். "தெனம் புள்ளைங்கள ஏத்தறேன். பஞ்சர்னா உங்க ரெண்டு பேர் வீட்டு வாசல்லயும் நிக்க முடியுமா? அந்தக் கடைலயே லூஸா வாங்கினேன்."

"எப்போ?"

"மறுநாளே."

சந்திரசேகரன் மெல்ல சில்வெஸ்டரின் பை பக்கம் திரும்பினான். சில்வெஸ்டர் அதை முதுகுக்குப் பின்னால் நகர்த்தப் பார்த்தான். இரும்பு நகரும்போது சத்தம் போடும்.

"நான் மறுநாள் இல்லபா," என்றான் சில்வெஸ்டர் கௌரவமாக. "அன்னிக்கு சாயங்காலமே."

அதனால்தான் மெட்ரோவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஸ்கேனரில் பையை வைத்தால், ஒருத்தர் குட்டு இன்னொருத்தர் முன்னால் டி.வி.யில் தெரியும்.

குளோரியா உடைந்த தலையைத் தட்டி எடுத்துவிட்டு, நட்டின் வேரில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். பிறகு பைப் இல்லாமல், குதிக்காமல், பாரை முனையில் பிடித்து மெதுவாகச் சாய்ந்தாள். நட்டு முனகிக்கொண்டு சுழன்றது. மற்றவை சில்வெஸ்டரின் பாருக்கு மறுபேச்சில்லாமல் வந்தன. ஸ்டெப்னி ஏறிற்று.

சந்திரசேகரன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். யாரையும் நம்பக்கூடாது என்று ஏற்பாடு செய்தவன் அவன். அந்த ஏற்பாட்டை நம்பியவனும் அவன் ஒருவன்தான். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி இறங்கும்வரை இந்த விஷயம் அவன் நெஞ்சில் நட்டு மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கத்தில் இருவரும் மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குளோரியா மட்டும், மாலை ட்ரிப்புக்கு வேனை ஓட்டத் தன் தம்பியை அனுப்பச் சொல்லி ஒரு ஃபோன் செய்தாள்.

மண்டப வாசலில் மமதா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். மேல் அடுக்கைத் தூக்கி எறிந்தாள். அடியில் கையை விட்டு ஒரு கட்டுப் பூவை எடுத்து முகர்ந்தாள்.

"அடி சரக்கு பரவாயில்ல. மேடைக்கு ஆகும். ஏன் லேட்?"

"பஞ்சர், மேடம்."

"பஞ்சருக்கு இவ்ளோ நேரமா? வண்டில டூல் கிடையாதா? டூல் இல்லாத வண்டிக்கு நான் பூ கொடுக்கறதில்ல."

சந்திரசேகரன் வண்டிக்குள் பார்த்தான்.  டாஷ்போர்டில் உடைந்த பார் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"இருக்கே மேடம்," என்றாள் குளோரியா. தன் பையைப் பின்பலகையில் கவிழ்த்தாள். "அண்ணனோடதுதான்."

சில்வெஸ்டர் பின்தங்க விரும்பவில்லை. அவனும் கவிழ்த்தான். "இதுவும் அவர்துதான்."

மமதா இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் சுருங்கியது. அந்தப் பார்வை சந்திரசேகரனுக்கு நன்றாகப் பழக்கமானது; கண்ணாடியில் தினம் பார்க்கிறான்.

"ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு செட்? அவ்ளோ தடவ நிக்குமா இந்த வண்டி?"

 உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்பப் போவதில்லை.

"திங்கக்கிழம ஒரு லோடு இருக்கு," என்றாள் மமதா கடைசியில். "அதப் பார்த்துட்டு சீசன் பத்திப் பேசலாம். கிளம்பறதுக்கு முன்னாடி டூல் ஃபோட்டோ அனுப்பணும்."

திரும்பும் வழியில் குளோரியா தன் பையை அவன் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். "திங்கக்கிழம வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்ணா. முழு செட்டு. எனக்கு அவசரம்னா சில்வெஸ்டர்து இருக்கு."

"எடுத்துக்கோ," என்றான் சில்வெஸ்டர். "நான் ஒண்ணும் சொல்லலை."

"தேங்க்ஸ்மா," என்றான் சந்திரசேகரன்.

எதற்காகக் கொடுக்கிறாள் என்று ஸ்ரீராம்புரம் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே ஓட்டினான். காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சிக்னலில் நின்றபோது குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, பார் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.