சிரிக்கும் சைக்கிள்காரி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் சின்னவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அழுமூஞ்சி. உண்மையில் அவளைப் போலக் கலகலப்பான பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். அவள் பார்க்கும் படங்கள்தான் அப்படி. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், மழை பெய்யும், படம் முடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு இவள் சீட்டியடித்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாள்.

"உட்கார்ந்த இடத்துல எதுக்குடி இப்படி வம்ப விலைக்கு வாங்குற?" என்பாள் அம்மா.

"தெம்பா இருக்கும்மா. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. ஆனா மனசுலயே நிக்குது."

அக்காவை அவள் புருஷன் விட்டுவிட்டுப் போனான். அக்கா பெட்டியோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: அவன் பேச்சை எடுக்கக் கூடாது, பெரியவள் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் சிரிப்புப் படம் ஓடும். அப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பார். அம்மா சிரித்தபடியே ஓரக்கண்ணால் பெரியவளைப் பார்ப்பாள். அவளும் கடனே என்று பல்லைக் காட்டுவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனாள். இப்படியே அக்கா தங்களுக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று சின்னவள் பயந்தாள். என்ன செய்வது, படம் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவளிடமிருந்து எப்போதோ பறித்துவிட்டார்கள்.

அம்மா படம் தேர்ந்தெடுக்கும் விதமே தனி. பெயரைப் பார்க்க மாட்டாள், கதை என்ன என்று கேட்க மாட்டாள். போஸ்டரில் யார் சிரிக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருத்தி சைக்கிளில் வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்லா இருக்கும் போல."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஏற்கெனவே பார்த்த படம். சைக்கிள்காரி மொத்தப் படத்திலும் சிரிப்பது அந்த ஓரிடத்தில்தான், பிறகு அவள் கணவன் போய்விடுவான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அக்காவைப் பார்த்தாள். ஆனது ஆகட்டும் என்று மூடிக்கொண்டாள்.

படத்தில் கணவன் போனான். அப்பா நெளிந்தார். "காமெடி எப்ப வரும்?"

திரையில் சைக்கிள்காரி ஒரு பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகினாள், தட்டினாள், முழங்காலிடுக்கில் வைத்துத் திருகினாள். மூடி அசையவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா சிரித்தாள். நிஜமான சிரிப்பு, தோள் குலுங்கியது.

"நானும் இப்படித்தான் உட்கார்ந்தேன். அப்புறம் பாட்டிலைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். 'ஏன், அவர் இல்லையா?'ன்னாங்க. குளிக்கிறார்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து யார் கேட்டாலும் குளிக்கிறார்தான். மனுஷன் குளிச்சுக்கிட்டே இருந்தார்."

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா பதறி டிவியை அணைக்கப் போனாள்.

"ஓடட்டும்மா. நீங்க எல்லாரும் என்னைச் சிரிக்க வச்சீங்க. இந்தச் சைக்கிள்காரி ஒருத்திதான் என்கிட்ட உண்மையைப் பேசுறா."

அம்மா அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிச்சுதாடி?"

"ஆமாம்மா."

படம் முடிந்தது. சைக்கிள்காரிக்கு ஒரு விடிவும் வரவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சி, முகத்தைத் துடைத்து, காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்தாள். பல நாள் கழித்து அவள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்துச் சின்னவளுக்கு மனசு நிறைந்தது.

"ஏய், இதைவிட மோசமா ஏதாவது இருக்கா?"

"எக்கச்சக்கமா இருக்குக்கா."

அப்பா சத்தமில்லாமல் எழுந்தார்.

"நீங்களும் உட்காருங்கப்பா," என்றாள் அக்கா. "அழுகை வந்தா அழுங்க, ஒண்ணும் ஆகாது."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.