கட்டைமேல் நின்ற கார்

என் புருஷன் நோரிஸ் ஒரு காரை ஏழு வருஷம் கட்டினான். எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் அந்த ஏழு வருஷமும் எந்தக் காரும் நின்றதில்லை. இதன் எலும்புகள்தான் கிடந்தன. ஒரு பிள்ளை பெற்றிருந்தால் இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருக்கும் என்பேன். "அந்தப் பிள்ளைக்கு நானூறு குதிரைசக்தி இருக்குமா ஹெஸ்?" என்று கேட்பான்.

நாங்கள் மேட்டுப் பந்தயக்காரர்கள். ஒரு பழைய பிரபு மாளிகையின் பாதை, இரண்டு பக்கமும் கல்சுவர், முக்கால் மைல் ஏற்றம். ஒவ்வொரு காராகத் தனியே ஏற வேண்டும், போட்டி கடிகாரத்தோடு. ஒரே காரைப் புருஷனும் பெண்டாட்டியும் அடுத்தடுத்து ஓட்டுவது இங்கே சகஜம். எங்கள் வீட்டில் அவன்தான் எப்போதும் முதலில் போவான். டயர் சூடேறின பிறகு நான்.

காரின் பின்பக்கம் ஒரு பழைய சொகுசுக் காரிலிருந்து கழற்றியது. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரத்துக்குத் தெரியாது. இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். பிறந்த இடத்தில் அதையெல்லாம் ஒரு இரும்புக் கூண்டு பிடித்துக்கொண்டிருந்தது. கூண்டு கனம் என்று நோரிஸ் தூக்கி எறிந்துவிட்டான். எங்கள் கிளப்பில் எல்லோரும் எறிகிறார்கள். எறிந்தவர்கள், சக்கரம் முன்னும் பின்னும் நகராமலிருக்க ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீளக் கம்பியைக் கொண்டுவந்து காரின் சட்டத்தில் பூட்ட வேண்டும். பூட்டப்போன இடத்தில் புகைக்குழாய் குறுக்கே வந்தது. நோரிஸ் நாலு அங்குலம் தள்ளி, சீட்டுக்குப் பின்னாலிருந்த மெல்லிய தரைத் தகட்டில் பூட்டிவிட்டான். "இப்போதைக்கு" என்றான். அதைச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

கட்டி முடித்து கார் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்த நாள் அது. காலையில் ஒத்திகை ஓட்டம். அவன் போய்வந்தான், பிறகு நான் போனேன். இரண்டாவது வளைவில் கொஞ்சம் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டீயரிங்கை நான் அசைக்கவில்லை. கார் தானாகச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. பின்னால் உட்கார்ந்து வேறு யாரோ ஓட்டுகிற மாதிரி இருந்தது. எப்படி நேராக்கினேன் என்று எனக்கே தெரியாது.

கீழே வந்ததும் சொன்னேன். "பின்னாடி ஆடுது நோரிஸ்."

"நீ காலை எடுத்திருப்பே."

"எடுத்தேன். எடுத்தா சுவத்துல போய் முட்டணுமா?"

"எடுக்காம போனா ஒண்ணும் ஆகாது. நான் போகல? ஆணி அடிச்ச மாதிரி நின்னுது." பன்றிக்கறி பன்னை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான். பக்கத்துக் காரின் அடியில் கிடந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக ஓட்டுகிறேன். மெதுவாக ஓட்டுகிறேன், அதற்காகப் பொய்யா சொல்லுவேன்?

தேநீர் ஆறின பிறகு அவனே கிட்டே வந்தான். "மத்தியானம் நீ முதல்ல போ ஹெஸ்" என்றான், குரலைத் தணித்து. சமாதானத்துக்கு வருகிறான் என்று நினைத்தேன். மனசு இளகிவிட்டது, வெட்கக்கேடு.

மத்தியானம் தூறல் போட்டது. பெல்ட்டின் ஆறு பட்டைகளையும் நோரிஸ்தான் இழுத்து மாட்டிவிட்டான். மூச்சு பாதிதான் உள்ளே போனது. வழக்கமாக ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டுவான். அன்று தட்டவில்லை. முன்னால் மூன்று கார், பின்னால் ஏழு. வரிசைக்குள் நுழைந்துவிட்டால் கோடு வரை போயே ஆக வேண்டும்.

கோட்டருகே வில்ஃப் கிழவர் கட்டையோடு நின்றார். ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமலிருக்க இடது பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது அவர் வேலை.

"வா கண்ணு, இன்னும் கொஞ்சம். போதும். பிரேக்கை விடு, கட்டைமேல உக்காரட்டும்."

விட்டேன். கார் பின்னால் சாய்ந்து கட்டையில் உட்கார்ந்தது. என் முதுகுக்குப் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். தகடு உள்வாங்கும் சத்தம். காரின் வால் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தது. நின்ற இடத்திலேயே, வெறும் தன் கனத்திலேயே, கட்டை தொட்ட இடது சக்கரம் முன்னால் போய்விட்டது. இதற்குமேல் நானூறு குதிரைகளும் அதை இழுத்தால்?

வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நோரிஸ் நின்றான். எல்லோரும் புறப்பாட்டு விளக்கைப் பார்த்தார்கள். அவன் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாயைப் பொத்தியபடி.

தெரிந்தவன் பார்க்கிற பார்வை அது. என் புருஷனுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னை முதலில் ஏற்றியிருக்கிறான்.

பச்சை விழுந்தது. பச்சை விழுந்ததும் பாய வேண்டியதில்லை. கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் ஓடும். நான் அசையவில்லை. கையைத் தூக்கியிருந்தால் போதும், வில்ஃப் வந்து காரை ஒதுக்கியிருப்பார். அப்புறம் ஊரெல்லாம் ஹெஸ்டர் பயந்துவிட்டாள் என்றுதான் பேசும். நோரிஸ் பரிதாபமாகத் தலையாட்டுவான். கையைத் தூக்க எனக்கு மனசு வரவில்லை. அவனையே பார்த்தேன். சொல்லேன்டா, ஒரு வார்த்தை. பின்னால் ஏழு எஞ்சின் உறுமுகிறது. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

இடது கால் கிளட்ச்சிலேயே இருக்க, ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சுவர்கள் அதிர்ந்தன.

நோரிஸ் கயிற்றைத் தாண்டிக் குதித்தான். வழுக்கி விழுந்து, எழுந்து, காரின் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றான். சிவப்பு விழுந்தது. நான் எஞ்சினை அணைத்தேன்.

"யோவ், பைத்தியமா உனக்கு?" பந்தய அதிகாரி ஓடிவந்தார். "கோட்டுக்குள்ள வந்தா லைசென்ஸ் போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும். பின்சக்கரம் நிக்கல. நான் பூட்டினது தப்பு." எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னான்.

பிறகு என் பக்கம் வந்து குனிந்தான். முகம் வெளுத்திருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"காலைல. உனக்கு முன்னாடி நான் போனப்பவே ஆடுச்சு."

"அப்புறம் எதுக்குடா என்னை ஏத்தினே?"

"நீ மெதுவாத்தானே போவே, ஒண்ணும் ஆகாதுன்னு..." நிறுத்தினான். "இல்ல. நீயே வேணாம்னு எறங்கிருவன்னு நெனச்சேன். எறங்கிட்டா நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல."

மழை கண்ணில் விழுந்தது.

"சும்மாத்தானே உறும விட்டே ஹெஸ்? நியூட்ரல்ல வெச்சுத்தானே?"

கேட்டுக்கொண்டே என் மடியைத் தாண்டிக் கையை நீட்டினான். எஞ்சினைக் கிளப்புமுன் அவன் தினமும் செய்வதுதான்: கியர் கம்பியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பான். நியூட்ரலில் இருந்தால் தாராளமாக ஆடும், கியரில் இருந்தால் அசையாது.

பிடித்து ஆட்டினான். அது ஆடவில்லை.