அசையாத உத்தியோகம்

சனிக்கிழமையானால் ஜகார்த்தா ஜனம் மொத்தமும் பழைய நகரமான கோத்தா துவாவில் வந்து விழும். டச்சுக்காரன் கட்டி, இப்போது மியூசியமாகிவிட்ட பழைய மண்டபத்தின் முன்னால், வாடகைக்கு எடுத்த ரோஸ் நிற சைக்கிளில், சைக்கிளோடு கொடுத்த தொப்பியையும் மாட்டிக்கொண்டு, சரித்திரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போகும். அந்தச் சரித்திரத்தில் குனாடிக்கும் ஒரு பங்கு உண்டு. உடம்பு முழுக்க வெண்கலச் சாயம் பூசி, மூங்கில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு, விடுதலைப் போர் வீரன் சிலையாக நிற்பான். பிள்ளைகள் கிச்சுக்கிச்சு மூட்டும், ஈ மூக்கின் மேல் உலாத்தும். இவன் இமைக்கக்கூட மாட்டான். அந்தக் கெட்டித்தனத்தில்தான் சோறு.

ரெத்னோ அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா சுமர்னோவிடம் மட்டும், மாப்பிள்ளைக்கு மியூசியத்தில் உத்தியோகம் என்று சொல்லி வைத்திருந்தாள். அவன் நிற்கும் இடம் மியூசியத்து வாசலிலிருந்து ஐம்பதடிதானே, இது ஒரு பொய்யா என்பது அவள் கணக்கு. அப்பா ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர், அந்தஸ்து பார்ப்பவர் என்று குனாடியையும் பயமுறுத்தியிருந்தாள். மாலை ஐந்து மணிக்கு அவன் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். பெரியவர் உதட்டைப் பிதுக்கினால் கல்யாணம் இல்லை.

பெரியவருக்கு மூன்று மணிக்கே இருப்புக் கொள்ளவில்லை. காலாற நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். ரெத்னோ வெயில் என்றாள், கூட்டம் என்றாள், எதுவும் எடுபடவில்லை.

கூட்டத்தில் ரெத்னோவையும் கூடவே பெரியவரையும் பார்த்ததுமே குனாடிக்கு ஓடிவிடத் தோன்றியது. சிலை எங்கே ஓடும்? நின்றான். இந்தச் சாயத்துக்குள் யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று தைரியமும் வந்தது. பெரியவர் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மெச்சிக்கொண்டார். பிறகு ஈட்டியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

பெரியவர் கை நீண்டால் குனிந்து, பற்றி, நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஜாவாக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியுமுன்னே இது தெரியும். குனாடிக்கு அவன் அம்மா முதுகில் நாலு போட்டுப் பழக்கியிருந்தாள். ஈக்கு அசையாதவன் ஈட்டியை நழுவவிட்டுக் குனிந்தான், கையைப் பற்றி நெற்றியில் ஒற்றினான். போதாக்குறைக்கு வாயும் திறந்துகொண்டது.

"பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா மாமா?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பெரியவர் தன் கையில் ஒட்டிய வெண்கலத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான் அந்த மியூசியம் உத்தியோகமா?"

குனாடிக்கு அழுகை வந்துவிட்டது. நாள் முழுக்க நிற்பதுதான் தன் வேலை, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பெண்ணைக் கேட்கத் தனக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டான்.

"யாரு ஸ்டேஷன் மாஸ்டரு?"

"நீங்கதான் மாமா."

பெரியவர் கீழே கிடந்த ஈட்டியைக் குனிந்து எடுத்தார்.

"நான் கேட் கீப்பருப்பா. முப்பத்தோரு வருஷம் கொடியப் புடிச்சுக்கிட்டு நின்னவன். ரயிலு தாண்டுற வரைக்கும் அசையப்படாது." ஈட்டியை நிமிர்த்தி அவன் கையில் கொடுத்தார். "நில்லு. ஜனம் பாக்குதுல்ல. அஞ்சு மணிக்கு இதே சாயத்தோட வா மாப்ள."

பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"எங்க ரெண்டு பேருக்கும் உத்தியோகம் குடுத்துட்ட. அஞ்சு மணிக்கு நீ யாரா வரப்போறம்மா?"