சீசரின் சாப்பாடு

உதயரூபனின் வீட்டில் அடுப்பில் முதலில் ஏறுவது நாயின் சட்டிதான். மனிதருக்கான உலை அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கை அவன் மனைவி பிரஷாந்தி ஒரே ஒருநாள் மாற்றிப் பார்த்தாள். அன்றைக்கு அவளுடைய சோற்றுப் பானை முற்றத்தில் போய் விழுந்து உடைந்தது. அதற்குப் பிறகு அவள் மாற்றவில்லை.

சட்டிக்குள் என்ன போக வேண்டும் என்பதிலும் அவன் வைத்ததுதான் சட்டம். சிவப்பரிசி, கோழி ஈரல், ஒரு துண்டு பூசணி, இடையிடையே வாவி மீன், அதுவும் முள் ஒன்றுகூட இல்லாமல். உப்பு கூடாது. வெங்காயம் கூடவே கூடாது. நாயின் இரத்தத்தைக் கெடுத்துவிடும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். அவித்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும் என்றும் அவர்தான் சொன்னார். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சீசர் என்ற அந்தக் கறுத்த நாய் நெஞ்சகன்று, மயிர் மினுங்கி, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எவரும் ஒருமுறை நின்று பார்த்துப் போகும்படி வளர்ந்திருந்தது.

ஈரல் வாங்க அவன் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போவான். ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலால் அமத்தி, மணந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். பித்தம் கசிந்த ஒரு துண்டை உள்ளே மறைத்துக் கட்டிக் கொடுத்த வியாபாரியின் முகத்திலேயே அந்தப் பொதியை எறிந்துவிட்டு வந்தவன் அவன். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். இதே மனிதன் மனைவிக்குக் காய்ச்சல் என்றால் கடையில் கொடுத்த மாத்திரையைத் திருப்பியும் பார்க்காமல் கொண்டுவந்து போடுவான். நாய்மேல் அவனுக்கு இருந்தது பாசம்தான், பொய்யில்லை. ஆனால் அவனுடைய பாசத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தடி நின்றது.

சீசருக்கு முன்னால் இன்னொரு நாய் இருந்தது. மாடு களவெடுக்க வந்தவர்கள் நஞ்சு தடவிய இறைச்சியை வேலியால் எறிந்து அதைச் சாகடித்தார்கள். ஆகவே சீசர் குட்டியாக வந்த நாளிலேயே உதயரூபன் ஒரு முடிவோடு இருந்தான். பிரஷாந்தியின் கையில் ஈரலைக் கொடுத்து நீட்டச் சொல்வான். குட்டி ஆசையோடு மூக்கை நீட்டும். பூவரசந்தடி அதன் மூக்கில் விழும். அது சுருண்டு விழுந்து கத்தும்போது, அதே ஈரலைத் தன் கையால் பிசைந்து ஊட்டுவான், தடவிக் கொடுப்பான். நிலத்தில் போட்ட துண்டை மோந்தாலும் அடிதான். சில நாள் குட்டியின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. ஒருமுறை தடி தவறிப் பிரஷாந்தியின் மணிக்கட்டில் இறங்கியது.

“கைய ஆட்டாத எண்டு சொன்னனா இல்லையா?” என்றுதான் அவன் கேட்டான்.

நாய் பாடத்தைப் படித்துக்கொண்டது. அவன் கைபட்ட மணம் இருந்தால்தான் வாய் வைக்கும். அவள் சமைத்த சட்டிதான், ஆனாலும் அவன் வந்து கையால் ஒருமுறை பிசைந்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் பட்டினி கிடக்குமே தவிரத் தொடாது. அவள் தண்ணீர் வைத்தால் குடிக்கும். சாப்பாட்டோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், காது இரண்டும் பின்னால் போய்விடும். அடிவாங்கினது அந்தக் கைக்கு முன்னால்தானே. நாயைக் குறைசொல்ல அவளால் முடியவில்லை.

இதை அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். தேநீர்க் கடையில் ஒருநாள் நல்லரத்தினம், வட்டையென்னும் வயல்வெளியில் அடுத்த வயல்காரன், வயதில் மூத்தவன், பொரித்த மீனொன்றை எடுத்துச் சீசரின் முன்னால் போட்டான்.

“எந்த நாயும் மீனுக்கு மயங்கும் மனே” என்றான்.

சீசர் மீனைத் தாண்டிப் போய் உதயரூபனின் காலடியில் படுத்தது. கடை முழுக்கச் சிரித்தது. நல்லரத்தினமும் சிரித்துவிட்டுத்தான் போனான். ஆனால் உதயரூபன் அதை விடவில்லை. “என்ட கைபடாததை அது மோந்தும் பாராது” என்று கண்ட கண்ட இடத்திலெல்லாம் சொன்னான். வாய்க்கால் தண்ணீரில் இருவருக்கும் ஏற்கெனவே உரசல் இருந்தது. இது அதற்குமேல் ஏறி உட்கார்ந்தது.

கதிர் பால்பிடிக்கும் காலத்தில் பன்றி இறங்கியது. ஒரே இரவில் உதயரூபனின் வயலில் ஒரு மூலையை உழுததுபோல் ஆக்கிவிட்டுப் போயிற்று. அவன் எங்கேயோ போய் வாய்வெடி வாங்கி வந்தான். தீனிக்குள் பொதிந்து வைக்கிற வெடி அது. பன்றி கடித்தால் வாயோடு சிதறும். வைப்பது குற்றம், பிடித்தால் மறியல், சிறைதான். வட்டைக்குள் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அவன் குசினி வாசலில் உட்கார்ந்து, நாயின் சட்டியில் மிஞ்சிய ஈரலையும் மீனையும் கையால் நன்றாகப் பிசைந்து, ஒவ்வொரு வெடியின் மேலும் பூசி உருட்டினான்.

“சீசர் வயலுக்குள்ள ஓடித் திரியிற நாய்” என்றாள் பிரஷாந்தி.

“நிலத்தில கிடக்கிறத அது தின்னுமா? உனக்கு மூளை இரிக்கா?”

இருந்தாலும் இரவில் நாயைக் கட்டித்தான் வைத்தான். விடிந்ததும் போய் வெடிக்காதவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்த பிறகுதான் அவிழ்த்துவிடுவான். சில நாள் இப்படியே போனது. ஒருநாள் காலையில் அவன் இருண்ட முகத்தோடு வந்தான். ஒரு வெடி குறைந்திருந்தது.

“பன்றி கவ்விக்கொண்டு போயிரிக்கும்” என்றான்.

“கவ்வினா வெடிச்சிரிக்குமே. சத்தம் கேக்கல்லையே. கீரியோ நரியோ இழுத்துக்கொண்டு போனாலும் போயிரிக்கும். இண்டைக்கு அவிழ்க்காதீங்க. தேடி எடுத்துப்போட்டு மறுகா அவிழ்ப்பம்.”

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் வினை. தன் நாயைப் பற்றித் தனக்கு இவள் சொல்வதா என்ற கோபத்தில் அவன் அவளுடைய கன்னத்தில் ஒன்று கொடுத்தான். காது அடைத்துக்கொண்டது. அவள் சுவரைப் பிடித்து நிமிர்வதற்குள் அவன் சங்கிலியைக் கழற்றிவிட்டான். சீசர் இரண்டு முறை அவனைச் சுற்றி வந்து, வாலை ஆட்டி, வயல் பக்கம் பாய்ந்தது.

அவள் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தபோது வெடித்தது. அடைத்த காதிலும் அது கேட்டது. கொக்குகள் வட்டை முழுக்கக் கிளம்பின. அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். உதயரூபன் அவளைத் தாண்டி ஓடினான்.

சீசர் வரம்பின்மேல் தானாகவே நடந்து வந்துகொண்டிருந்தது. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. கண்கள் இருந்தன, காதுகள் இருந்தன, மூக்கும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. தாடை இருந்த இடத்தில் சிவந்த தசையும், உடைந்த எலும்பும், ஒரு பக்கம் தொங்கும் நாக்கும். இரத்தம் நெஞ்சு மயிரில் வடிந்து பச்சை நெல்லில் சொட்டியது. அது குரைக்கவில்லை. தொண்டைக்குள் கொப்பளிக்கிற சத்தம் மட்டும் வந்தது. உதயரூபனைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு அவனுடைய காலடியில் வந்து விழுந்தது.

அவன் நாயைப் பார்க்கவில்லை. இரத்தம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தான். அது வாய்க்காலைத் தாண்டி, நல்லரத்தினத்தின் வரம்பிலிருந்து வந்திருந்தது. அங்கே கருகிய புல்லும் சிறு குழியும் தெரிந்தன. சற்றுத் தள்ளி நல்லரத்தினம் மண்வெட்டியோடு வாய் பிளந்து நின்றான்.

அதுவே போதுமாக இருந்தது அவனுக்கு. அண்ணன் என்று கூப்பிட்ட வாயால் அவன் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. வாய்க்காலைப் பாய்ந்து கடந்தான். மண்வெட்டியைப் பறித்து அதன் பிடியால் முதல் அடியைத் தோளில் இறக்கினான். நல்லரத்தினம் கையை உயர்த்தித் தடுத்தான். அந்தக் கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. காய்ந்த விறகை உடைத்த மாதிரிச் சத்தம் அவளுக்குக் கேட்டது. சேற்றில் விழுந்தவனின் விலாவிலும் முதுகிலும் அவன் மிதித்தான். தலைமயிரைப் பிடித்து முகத்தைச் சேற்றுத் தண்ணீருக்குள் அமுக்கினான். கால்கள் உதைத்தன. தூரத்தில் புல்லுப் பிடுங்கிய இரண்டு பெண்கள் சத்தமிட்டுக்கொண்டு கிராமத்தை நோக்கி ஓடினார்கள். ஆட்கள் வந்து சேர நேரம் எடுக்கும். அதுவரைக்கும் இந்த மனிதனுக்கு மூச்சு இருக்காது.

ஒரு கணம் அவன் முகத்தை வெளியே இழுத்தான்.

“சொல்லுடா. நீதானே வச்ச? கடையில சிரிச்சதுக்குத்தானே வச்ச?”

“நான் வைக்கல்ல” என்றான் நல்லரத்தினம். பல்லுக்கிடையே இரத்தமும் சேறும் வந்தன. “பிள்ளையாரறிய நான் வைக்கல்ல மனே.”

உதயரூபன் மறுபடியும் அவனுடைய முகத்தை அமுக்கினான். மண்வெட்டியை இப்போது மறுபக்கமாகப் பிடித்தான். இரும்பு மேலே வந்தது.

பிரஷாந்தி வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அவளுக்குப் பயம். அந்தக் கையை அவள் இத்தனை வருடம் அறிவாள். அடுத்த அடி தன்மேல்தான் என்றும் அறிவாள். வீட்டில் நடந்த எதற்கும் அவள் வாய் திறந்ததில்லை. திறக்காமல் இருந்தால் இப்போது ஒரு மனிதன் சாகப்போகிறான். எண்ணிப் பார்த்துச் சொல்ல நேரமில்லை, அவள் சொல்லிவிட்டாள்.

“அந்த மனிசன்ட கையால வச்சதச் சீசர் தின்னுமா?”

மண்வெட்டி மேலேயே நின்றது.

“என்னடி சொன்ன?”

“அண்டைக்குப் போட்ட மீன மோந்தும் பாக்காத நாய். அவர் வச்சதத் தின்னுமா? நான் தந்தாலே தின்னாது. ஊரெல்லாம் நீங்கதானே சொன்ன, உங்கட கைபடாததைத் தொடாதெண்டு.”

அவன் வாய்க்காலுக்குள் இறங்கி வந்து மண்வெட்டிப் பிடியால் அவளை அடித்தான். அடி இடுப்பில் விழுந்தது. அவள் தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தாள். வாய்க்குள் போன சேற்றைத் துப்பினாள். வலி கண்ணை இருட்டியது. ஆனால் திறந்த வாயை இனி மூடிப் பயனில்லை.

“ஈரலும் மீனும் போட்டு உருட்டினது நீங்க. உங்கட கை மணத்துக்குத்தான் அது வாய் வச்சது. வேற ஆர்ட கையெண்டாலும் அது இப்ப உசிரோட நிண்டிரிக்கும்.”

அவன் மீண்டும் மண்வெட்டியை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அவன் அந்தக் கையைப் பார்த்தான், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். மண்வெட்டி வாய்க்காலில் விழுந்து தண்ணீருக்குள் போயிற்று. அவனுடைய முகம் கோணியது. வெடிச்சத்தம் கேட்டபோதே அவனுக்கு இது தெரிந்திருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். தெரிந்ததால்தான் இன்னொருவனைக் கொல்ல இவ்வளவு அவசரப்பட்டான்.

நல்லரத்தினம் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வரம்பில் சரிந்து இருந்தான். இருமி இருமிச் சேற்றைக் கக்கினான்.

“பொலிசுக்குத்தான் போவன்” என்றான். “உன்ன மறியலுக்கு அனுப்பாம விடமாட்டன். கேட்டயா?”

உதயரூபன் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் வாய்க்காலைவிட்டு ஏறி நாயிடம் போய் முழந்தாளிட்டான். சீசர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் இரத்தக் குமிழ் வந்து உடைந்தது. பிரஷாந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறி, அவர்களுக்குப் பக்கத்தில் வந்தாள். மிருக வைத்தியர் வந்தாலும் ஊசி போட்டுத் தூங்கவைக்கத்தான் முடியும். அவர் வாவிக்கு அந்தப் பக்கமிருந்து வர வேண்டும். அவள் அவனுடைய சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து அவரை அழைத்தாள். அவன் தடுக்கவில்லை.

“சீசர்” என்றான் அவன். தடவிக் கொடுக்கக் கையை நீட்டினான்.

நாயின் மூக்கு அசைந்தது. அந்தக் கையின் மணம் வந்ததும் அது தலையைத் தூக்கியது. எழும்ப முன்காலை ஊன்றியது, முடியவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி, கைக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து, எப்போதும் போலத் திறப்பதற்கு முயன்றது. திறக்க வாய் இல்லை. தசை துடித்தது. இரத்தம் அவனுடைய உள்ளங்கையில் ஒழுகியது. வால் மண்ணில் மெல்ல மெல்ல அடித்தது. கை விலகாததால் மறுபடியும் முயன்றது, மறுபடியும்.

அவன் அழுதான். ஊரில் எவரும் கேட்டிராத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. அழுதுகொண்டே கையை இன்னும் கிட்டக் கொண்டுபோனான்.

“கைய எடுங்க” என்றாள் பிரஷாந்தி. “சாப்பாடு தாறீங்க எண்டு நினைக்குது.”

அவன் இரண்டு கைகளையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். வைத்தியர் வந்து சேரும்வரை அப்படியே முழந்தாளில் இருந்தான். நாய் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தது.