கறையென்று எடுத்த சிவப்பு முத்திரை

என் வீட்டுக்காரர் நூருல்லாவுக்கு ஒரு பைத்தியம். பெருமாநல்லூரில் பனியன் கம்பெனிகளின் வேஸ்ட் துணி வியாபாரம் செய்கிற மனுஷன், கப்பலோட்டுவது பற்றிய பழைய புத்தகங்களையும் கணிதப் புத்தகங்களையும் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பார். "இதையெல்லாம் வச்சுக்கிட்டு நொய்யல் ஆத்துல கப்பல் உடப் போறீங்களா?" என்று கேட்டுக் கேட்டு என் வாய் ஓய்ந்துவிட்டது.

தொண்ணூற்று மூன்றில் அந்தப் பைத்தியத்துக்கு விலை வந்தது. நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் நிற்கிற இடத்தைக் கணக்கிடச் சொல்லித்தரும், இருநூறு வருஷத்துப் புத்தகம் ஒன்றை ஏலத்தில் விட மெட்ராஸ் ஏலக் கம்பெனி ஒன்று ஒத்துக்கொண்டது. சனிக்கிழமை மூன்று மணிக்கு வீரணன் என்ற தங்கள் ஆள் வந்து பார்வையிடுவார் என்று கடிதம் போட்டார்கள்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பதினோரு வருஷமாகக் கறை தேடியே பழகிய கண். ஒரு பீஸில் கறை இருந்தால் வெளிநாட்டுக்காரன் லாட்டையே திருப்பிவிடுவான். புத்தகத்தின் முதல் பக்கத்தில் வட்டமாக ஒரு கறுப்பு முத்திரை, அதன்மேல் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பனியன் சைஸுக்குப் போடுகிற எஸ், எம், எல், அவ்வளவுதான். வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே என்று, சனிக்கிழமை காலை வீட்டுக்காரரிடம் சொல்லாமலே புத்தகத்தைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். எங்கள் வழக்கப்படி முதலில் மருந்தில் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்தி, சாயம் இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கியது. பிறகு கறை எடுக்கிற ஸ்ப்ரே கன்னால் மருந்தை அடித்தேன். சிவப்பு போயே போய்விட்டது. கறுப்பு அசையவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்து காட்டினேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஜெய்பு, என்ன பண்ணி வச்சிருக்கே?"

"கறையத்தானுங்க எடுத்தேன்."

"அது கறையில்ல. கருப்பு, காலேஜ் லைப்ரரி முத்திரை. செவப்பு, வேண்டாம்னு கழிச்சு வித்துட்டோம்னு அவிங்களே தேதியோட போட்டது. அது இல்லீன்னா இது திருட்டுப் பொஸ்தகம்."

புத்தகம் வாங்கிய ரசீது, போன மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதே நனைந்து போய்விட்டது. போன மாதம் இப்படி முத்திரை அழித்த புத்தகத்தோடு வந்தவனை அதே ஏலக் கம்பெனி போலீஸில் பிடித்துக் கொடுத்ததாம். நான் செய்த வேலைக்கு இவர் கையில் விலங்கா?

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுரலாமுங்க."

"கிழிச்சா, நான் திருடன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

மணி ஒன்றே முக்கால். மெட்ராஸில் இருக்கிற அந்தக் காலேஜுக்குப் போன் போட்டார். எடுக்க ஆளில்லை. அப்போதுதான் அந்த வெள்ளைத் துணி ஞாபகம் வந்தது. அழுத்தி எடுத்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேஸ்ட் மூட்டையில் எறிந்திருந்தேன். கம்பெனி மூட்டைகள் சனிக்கிழமை மதியம் எங்கள் கோடவுனுக்குத்தான் வரும்.

ஓடினோம். ஒன்பது மூட்டை. அந்த வாரம் பார்த்துக் கம்பெனியில் ஓடியது சிவப்பு டீ ஷர்ட். எந்தத் துணியைப் பிரித்தாலும் சிவப்பு. வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டே என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவது மூட்டையில் அவர் ஒரு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முத்திரையின் எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன.

வீரணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். பக்கத்தை முகர்ந்து பார்த்தார்.

"மருந்து வாசனை வருதே."

நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாரும் ஒரு கதை வச்சிருக்காங்கம்மா" என்றார்.

பீரோக் கண்ணாடிக்கு முன்னால் துணியை விரித்துப் பிடித்தேன். துணி சுருண்டு மடங்கியதில் அவரால் படிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வீரணன் வெகுநேரம் பார்த்துவிட்டு முத்திரையிலிருந்த தேதியைக் குறித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலேஜுக்கு வந்துடுங்க. ரெஜிஸ்டர்ல இந்தத் தேதியில இந்தப் புத்தகத்த வித்ததா இருந்தா தப்பிச்சீங்க. இல்லேன்னா நான் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லித்தான் ஆகணும்."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மெட்ராஸில் லைப்ரரிக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்ட, நான் வீட்டுக்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு" என்றார் லைப்ரரிக்காரர்.

வீட்டுக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். லைப்ரரிக்காரர் சிவப்பு மையைத் தொட்டு, அதே இடத்தில் புதிதாக முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் ஒரு பொட்டு மை தெறித்தது.

என் முந்தானை நுனி அதைத் துடைக்கப் போய்விட்டது. வீட்டுக்காரர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் ஏறுகிறவரை விடவில்லை.